ஊட்டியில் மூன்று வாரம்: வெளிநாட்டிலிருந்து தனியே வரும் சகோதரிக்கு அறை எங்கே?

ஷார்ஜாவிலோ ரியாதிலோ கோலாலம்பூரிலோ குடும்பத்தோடு வாழும் ஒரு சகோதரிக்கு நீலகிரியில் மூன்று வாரம் தங்கவேண்டிய தேவை வருகிறது. மகன் இங்குள்ள உறைவிடப் பள்ளியில் புதிதாகச் சேர்ந்திருக்கிறான், தொடக்க நாட்களில் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். அல்லது மகளுக்கு ஊட்டியில் 2022-இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. அல்லது வாப்பா விட்டுச்சென்ற வீட்டின் பத்திர வேலை. கணவருக்கு விடுமுறை இல்லை. உறவினர் எல்லோரும் கீழே சமவெளியில் இருக்கிறார்கள். இவர் தனியாகத்தான் வந்தாக வேண்டும்.

ஒரு பெண் மஹ்ரம் துணையின்றிப் பயணம் செய்வது பற்றி ஆலிம்களிடையே உள்ள கருத்து வேறுபாட்டுக்குள் நாம் இங்கே போகவில்லை. அது அவரவர் குடும்பம் தம் ஆலிமிடம் கேட்டுத் தெளியவேண்டிய விஷயம். வந்து இறங்கிவிட்ட சகோதரி இரவு எங்கே படுப்பார் என்பதுதான் நம் கவலை.

"ஊட்டியில் இல்லாத அறையா?" என்று கேட்பார்கள். அறைகள் ஏராளம். ஆனால் அவை இரண்டு இரவு தங்கி, படகுச் சவாரி போய், சாக்லேட் வாங்கிக்கொண்டு இறங்கிவிடும் குடும்பங்களுக்காகக் கட்டப்பட்டவை. இருபது நாள் தனியே தங்கும் ஒரு பெண்ணை மனதில் வைத்து அந்த ஊரில் கட்டிய இடங்கள் மிகக் குறைவு. அதனால் "மலிவு" என்று சொல்லப்படும் அறை பலமுறை வேறு வழியில் விலை கேட்கும். ஆட்டோ வாடகையாக, இருட்டிய பிறகு வெளியே போகமுடியாத சிறையாக, சில நேரம் ஆபத்தாகவும்.

முதலில் காலத்தைப் பார்ப்போம். ஏப்ரல், மே மாதங்களில் ஊட்டியில் அறை வாடகை மற்ற நாட்களைப்போல் இரண்டு மூன்று மடங்காகிவிடும். மே மாத மலர்க் கண்காட்சி நாட்களில் பேரம் என்ற பேச்சுக்கே இடமில்லை. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் வேண்டும். 2025-இல் சீசன் மாதங்களுக்கு வேலை நாட்களில் 6,000 வாகனம், வார இறுதியில் 8,000 வாகனம் என்று உச்சவரம்பும் வந்தது. கோயம்புத்தூர் விமான நிலையத்தில் வாடகைக் காரில் ஏறும்முன் ஓட்டுநரிடம் இ-பாஸ் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அரசுப் பேருந்தில் வருபவருக்கு இந்தத் தொல்லை இல்லை.

வளைகுடாவில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு நல்ல செய்தி உண்டு. அங்கே பள்ளிகள் மூடும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்கள்தான் இங்கே கூட்டம் இல்லாத காலம். மழையும் குளிரும் இருக்கும், சுற்றுலாப் பயணிகள் இருக்கமாட்டார்கள். அறைக்காரர்கள் வாரக் கணக்கில், மாதக் கணக்கில் பேசத் தயாராக இருப்பார்கள். "ஒரு நாளைக்கு எவ்வளவு?" என்று ஆரம்பிக்காமல், "இருபது நாளுக்கு மொத்தமாக எவ்வளவு?" என்று ஆரம்பியுங்கள். அந்த மாதங்களில் தென்மேற்குப் பருவமழை கூடலூர், பந்தலூர் பக்கம்தான் கடுமையாக அடிக்கும்.

மலேசியா, சிங்கப்பூரிலிருந்து வருபவர்களுக்குக் கணக்கு நேர்மாறு. அவர்களுடைய ஆண்டிறுதி விடுமுறை வடகிழக்குப் பருவமழையோடு மோதுகிறது. அந்த மழை குன்னூர், கோத்தகிரி சரிவுகளைத் தாக்கும். 2009 நவம்பரில் நீலகிரியில் நடந்த நிலச்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். வீடுகளோடு சேர்ந்து மண்ணுக்குள் போன குடும்பங்கள் உண்டு. நவம்பரில் வருவதாக இருந்தால், செங்குத்தான சரிவில் மண்ணை வெட்டி நிறுத்திய புதுக் கட்டடங்களைத் தவிருங்கள். அப்படிப்பட்ட இடங்கள்தான் பெரும்பாலும் மலிவாகக் கிடைக்கும்.

இனி எங்கே தேடுவது என்பது. நாம் முதலில் சொல்லும் இடம் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஊட்டி எட்டின்ஸ் சாலையில் இருக்கும் ஒய்.டபிள்யூ.சி.ஏ. ஆனந்தகிரி. கிறிஸ்தவப் பெண்கள் சங்கம் நடத்தும் தங்கும் விடுதி என்றாலும், எந்த மதத்தவரும் தங்கலாம். தனி அறையும் உண்டு, பலர் சேர்ந்து தங்கும் பொது அறையும் உண்டு. ஆண்களும் குடும்பங்களும் கூடத் தங்குவதால் "பெண்களுக்கு மட்டும்" என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள், பொது அறையில் இடம் கேட்கும்போது அது பெண்களுக்குத் தனியா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அடுத்தது, ஊட்டியிலும் குன்னூரிலும் உள்ள தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் விடுதிகள். பளபளப்பு இருக்காது. ஆனால் வரவேற்பறையில் ஆள் இருப்பார், ரசீது தருவார்கள், ஏதாவது நடந்தால் பதில் சொல்ல ஓர் அரசு நிறுவனம் இருக்கிறது. ஓரிரு இரவுக்கு மட்டும் என்றால் ரயில் நிலைய ஓய்வறையும் பார்க்கலாம். கையில் உறுதியான ரயில் டிக்கெட் இருக்கவேண்டும், 48 மணி நேரத்துக்கு மேல் தரமாட்டார்கள்.

பிள்ளை படிக்கும் பள்ளி அலுவலகத்தில் கேட்பதை நம்மவர்கள் ஏனோ தயங்குகிறார்கள். பெற்றோரைப் பள்ளிக்குள் தங்கவைக்க மாட்டார்கள்தான். ஆனால் வருடா வருடம் வெளியூர்ப் பெற்றோரைப் பார்க்கும் அலுவலகத்துக்கு, அறை கொடுக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியைகள், விதவைத் தாய்மார்கள் யார் யார் என்று தெரிந்திருக்கும். அப்படிப்பட்ட ஒரு வீட்டில், வீட்டுக்காரம்மா உடன் இருக்க, சமையலறையையும் பயன்படுத்த அனுமதி கிடைத்தால் அதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. மூன்று வாரம் ஹோட்டலில் சாப்பிடும் செலவு அறை வாடகையையே தாண்டிவிடும். ஹலால் கவலையும் தீரும்.

ஊட்டியில்தான் தங்கவேண்டும் என்பதும் இல்லை. குன்னூர், வெலிங்டன், அருவங்காடு, கேத்தி ஆகியவை ஊட்டிக்குப் போகும் மலை ரயில் பாதையிலேயே இருக்கின்றன. குன்னூரிலிருந்து ஊட்டி சுமார் 19 கிலோமீட்டர். குன்னூர் ஊட்டியைவிட ஏறத்தாழ 400 மீட்டர் தாழ்வான இடம் என்பதால் குளிரும் குறைவு, பாலைவன வெயிலுக்குப் பழகிய உடம்புக்கு அது பெரிய வித்தியாசம். 2024 முதல் பெண்களுக்கான கட்டணமில்லாப் பேருந்துப் பயணம் நீலகிரிக்கும் வந்துவிட்டது. சாதாரணக் கட்டணப் பேருந்துகளில்தான் அது செல்லும், ஏறும்முன் நடத்துநரிடம் கேட்டுவிடுங்கள். தினமும் பிள்ளையைப் பார்க்கப் போய்வரும் தாய்க்கு இது மாத முடிவில் கணிசமான மிச்சம்.

ஆனால் பேருந்து நிறுத்தத்திலிருந்து அறை எவ்வளவு தூரம்? நீலகிரியில் அறை தேடும் பெண் கேட்கவேண்டிய முதல் கேள்வி இதுதான் என்போம். "தேயிலைத் தோட்டத்துக்குள் அழகான காட்டேஜ், வாடகை பாதி" என்று படம் போட்டிருப்பார்கள். படத்தில் பச்சைப் பசேல் என்றுதான் இருக்கும். மாலை ஆறரைக்கு மேல் அந்தப் பாதையில் விளக்கு இருக்காது. காட்டெருமையும் கரடியும் சிறுத்தையும் குன்னூர், கோத்தகிரி குடியிருப்புத் தெருக்களுக்குள்ளேயே வந்துபோகும் காலம் இது. உள்ளூர்க்காரர்களே டார்ச் இல்லாமல் நடப்பதில்லை. 2021 ஜனவரியில், நீலகிரியை ஒட்டிய வயநாட்டில் மேப்பாடி அருகே, தோட்டத்துக்குள் கூடாரம் போட்டு நடத்திய விடுதியில் தங்கிய ஒரு பெண் காட்டு யானை தாக்கி உயிரிழந்தார். அதே மாதம் மசினகுடியில் ஒரு தங்கும் விடுதியிலிருந்து எரியும் டயரை வீசியதில் தீக்காயமடைந்த யானை இறந்தது. காட்டின் ஓரத்தில் மலிவாக அறை நடத்துபவர்கள் எல்லோரும் பொறுப்பானவர்கள் இல்லை.

அனுமதி விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். மசினகுடி, பொக்காபுரம் பக்கம் யானை வழித்தடத்தில் கட்டிய விடுதிகளில் அனுமதி இல்லாத 27-ஐ 48 மணி நேரத்துக்குள் மூடி முத்திரை வைக்கும்படி 2018 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. வழித்தடத்தைக் காக்கவேண்டும் என்ற தீர்ப்பை 2020 அக்டோபரில் உறுதியும் செய்தது. உரிமம் இல்லாத இடத்தில் முன்பணம் கட்டித் தங்கியிருக்கும்போது அதிகாரிகள் பூட்ட வந்தால், பெட்டியோடு சாலையில் நிற்பது நீங்கள்தான். பணத்தைத் திருப்பிக் கேட்கவும் முடியாது, ஏனென்றால் கையில் ரசீது இருக்காது. மாதக் கணக்கில் தங்கும் மகளிர் விடுதி என்றால் 2014-ஆம் ஆண்டின் தமிழ்நாடு பெண்கள் மற்றும் குழந்தைகளுக்கான விடுதிகள், இல்லங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி உரிமம் பெற்றிருக்க வேண்டும். உரிமத்தைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. உரிமம் உள்ளவர் சுவரிலேயே மாட்டியிருப்பார்.

அடுத்து கடவுச்சீட்டு. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்குச் சிக்கல் இல்லை. ஆதார் இல்லாவிட்டாலும் கடவுச்சீட்டே அடையாளச் சான்று. இலங்கை, மலேசிய, சிங்கப்பூர், பிரிட்டிஷ் கடவுச்சீட்டு வைத்திருக்கும் சகோதரிகள்தான் வாசல்வரை வந்து திருப்பி அனுப்பப்படுகிறார்கள். காரணம் இதுதான்: வெளிநாட்டவருக்கு இடம் கொடுக்கும் எவரும், ஹோட்டல் ஆனாலும் தனி வீடு ஆனாலும், 24 மணி நேரத்துக்குள் குடியேற்றத் துறைக்கு இணையத்தில் தகவல் பதியவேண்டும். நீண்ட காலமாக 'சி படிவம்' என்று சொல்லப்பட்டது இதைத்தான். 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டத்திலும் இந்தக் கடமை தொடர்கிறது. சின்ன லாட்ஜ்களும் ஹோம்ஸ்டேகளும் அந்தப் பதிவுக்கான கணக்கே தொடங்கியிருக்க மாட்டார்கள். உங்கள் கடவுச்சீட்டின் அட்டையைப் பார்த்ததும் "அறை இல்லை" என்று சொல்லிவிடுவார்கள். சிலர் இன்னும் மோசம், "பதிய வேண்டாம், சும்மா தங்குங்கள்" என்பார்கள். அதற்கு ஒருபோதும் ஒத்துக்கொள்ளாதீர்கள், பிறகு விசா விசாரணையில் மாட்டுவது நீங்களாக இருக்கலாம். ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும் கடவுச்சீட்டு வெளிநாட்டுடையதுதான். ஆகவே அறை பதியும்போதே தொலைபேசியில், "வெளிநாட்டுக் கடவுச்சீட்டு, பதிவு செய்வீர்களா?" என்று கேட்டுவிடுவது நல்லது. சொந்தக்காரர் வீட்டில் தங்கினாலும் அவர்களுக்கு இதை நினைவுபடுத்துங்கள். மாமி வீட்டுக்கு எதற்குப் படிவம் என்று நம்மவர்கள் சிரிப்பார்கள், ஆனால் சட்டம் மாமியைத் தனியாக விட்டுவைக்கவில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். "தனிப் பெண்ணுக்கு அறை கொடுப்பதில்லை" என்று சொல்லும் லாட்ஜ்கள் உண்டு. அப்படி எந்தச் சட்டமும் கிடையாது, அது அவர்களாக வைத்துக்கொண்ட பழக்கம். பெயரைக் கேட்டதும் காலியாக இருந்த போர்ஷன் திடீரென்று நிரம்பிப் போவதும் நடக்கிறது. இரவு எட்டு மணிக்குப் பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டு இதோடு வாதாட முடியாது. முதல் மூன்று இரவுகளுக்கு நிறுவனம் நடத்தும் ஓர் இடத்தில் முன்பதிவு செய்துவிட்டு, பகல் வெளிச்சத்தில் நிதானமாக அடுத்த அறையைத் தேடுவதே நாம் சொல்லும் வழி. அந்த மூன்று இரவுக்குக் கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும். அதைச் செலவு என்று கணக்கிடாதீர்கள்.

வெளிநாட்டில் இருந்தபடியே முழுப் பணத்தையும் அனுப்பிவிடுவதும் கூடாது. ஊட்டிக் காட்டேஜ் என்று யாரோ ஒருவர் வீட்டின் படத்தைப் போட்டு, முன்பணம் வாங்கிக்கொண்டு கைப்பேசியை அணைத்துவிடும் மோசடிகள் நடக்கின்றன. வீடியோ அழைப்பில் வாசலிலிருந்து அறைவரை நடந்து காட்டச் சொல்லுங்கள். உண்மையான ஆள் காட்டுவார். பேருந்து நிலையத்தில் "ரூம் வேணுமாக்கா?" என்று வருபவரின் கமிஷனும் உங்கள் வாடகையில்தான் சேரும். பில்லையும் பாருங்கள்: நாள் வாடகை 7,500 ரூபாய்க்கு மிகாத அறைகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான். பழைய 12 சதவீதத்தையே போட்டிருந்தால் கேட்கலாம்.

அறைக்குள் போனதும் கதவின் உள்தாழ்ப்பாளைப் போட்டுப் பாருங்கள். சுடுதண்ணீர் எத்தனை மணிக்கு, எத்தனை பக்கெட் என்று கேளுங்கள். மலிவான அறைகளில் காலையில் ஒரு மணி நேரம்தான் வரும், ஃபஜ்ருக்கு உளூச் செய்ய உறைபனித் தண்ணீர்தான். டிசம்பர், ஜனவரியில் ஊட்டியில் இரவு வெப்பநிலை பூஜ்யத்தை நெருங்கும் நாட்கள் உண்டு. கம்பளியை மோந்து பாருங்கள், ஈர வாடை அடித்தால் மாற்றச் சொல்லுங்கள். குளிருக்காக யாராவது கரியடுப்பு மூட்டித் தந்தால் அதை மூடிய அறைக்குள் வைத்துக்கொண்டு தூங்கவே கூடாது. கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது, தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். குளியலறைக்குள் இருக்கும் எரிவாயு கீசரும் அதே வகை ஆபத்து, ஜன்னல் திறந்திருக்க வேண்டும். அறையின் இருப்பிடத்தைக் கணவருக்கும் ஊரிலுள்ள ஒருவருக்கும் அனுப்பிவைத்து விடுங்கள். பெண்கள் உதவி எண் 181, அவசர எண் 112, இரண்டும் இலவசம், இரவு பகல் பாராது எடுப்பார்கள்.

விமானம் நள்ளிரவில் சென்னையிலோ திருச்சியிலோ இறங்கினால் அன்றிரவே மலையேற அவசரப்பட வேண்டாம். தமிழக அரசின் 'தோழி' மகளிர் விடுதிகள் தாம்பரம், கூடுவாஞ்சேரி, திருச்சி உள்ளிட்ட ஊர்களில் உள்ளன. வேலைக்குப் போகும் பெண்களுக்காகத் தொடங்கியவை என்றாலும் நாள் கணக்கில் தங்கவும் இடம் தருகிறார்கள். காலியிடம் இருக்கிறதா என்பதை அவர்களுடைய இணையதளத்தில் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவும் எழுதும்போது நமக்கு ஒரு உறுத்தல் இருக்கிறது. நம் சகோதரிக்கு ஊட்டியில் பாதுகாப்பான, மலிவான இடம் எது என்று கேட்டால் நாம் கைகாட்டுவது கிறிஸ்தவச் சகோதரிகள் நடத்தும் இல்லத்தை. அதில் தவறு ஒன்றுமில்லை, அவர்களுக்கு நன்றிதான் சொல்லவேண்டும். அந்த இயக்கம் 1855-இல் லண்டனில் தொடங்கியதே, கிரிமியப் போருக்குப் பணிபுரியச் சென்ற செவிலியருக்கும் பிழைப்புக்காகத் தனியே நகரத்துக்கு வந்த பெண்களுக்கும் தங்க இடம் வேண்டும் என்பதற்காக. ஆனால் இது நமக்குப் புதிய யோசனையும் அல்ல. ஹிஜ்ரி 684-இல், அதாவது 1285 வாக்கில், கெய்ரோவில் சுல்தான் பைபர்ஸின் மகள் தத்கார்பாய் காத்தூன், ஷைகா ஸைனப் என்ற மார்க்க அறிஞருக்காக 'ரிபாத் அல்-பக்தாதிய்யா' என்ற இல்லத்தைக் கட்டினார். தலாக் ஆன பெண்களும் கணவன் கைவிட்ட பெண்களும் மறுமணமோ சமரசமோ ஆகும்வரை அங்கே தங்கினார்கள் என்று வரலாற்றாசிரியர் மக்ரீஸி எழுதிவைத்திருக்கிறார். பெண்களே நடத்திய, பெண்களுக்கான தங்குமிடம்.

இன்று நம் ஜமாஅத்துகள் ஊருக்கு ஊர் ஷாதி மஹால் கட்டியிருக்கின்றன. கல்யாண நாட்கள் போக ஆண்டின் பெரும்பகுதி அவை பூட்டித்தான் கிடக்கின்றன. மணப்பெண் அறை என்று கட்டில், குளியலறையோடு ஒவ்வொன்றிலும் ஓர் அறையாவது உண்டு. நீலகிரியில் உள்ள ஜமாஅத்துகள் தங்கள் கட்டடங்களில் இரண்டு அறைகளை ஒதுக்கி, தனி வாசல் வைத்து, சம்பளத்துக்கு ஒரு பெண் பொறுப்பாளரை அமர்த்தி, சட்டப்படி உரிமமும் வாங்கினால் போதும். இலவசமாகத் தரவேண்டியதில்லை. நியாயமான வாடகையை வெளிநாட்டுச் சகோதரிகள் மகிழ்ச்சியோடு தருவார்கள், பராமரிப்புச் செலவு அதிலேயே கழிந்துவிடும். கல்லூரியில் சேரவரும் மாணவிகளும், தேர்வு எழுதவரும் பெண்களும், மருத்துவமனையில் தாயைச் சேர்த்துவிட்டு வராந்தாவில் உறங்கும் மகள்களும் வருவார்கள். அவர்களில் பிற மதத்தவரும் இருப்பார்கள். ஆனந்தகிரி நம்மிடம் மதம் கேட்காததுபோல் நாமும் கேட்கவேண்டியதில்லை.

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் ஜமாஅத் நிர்வாகிகள் அடுத்த கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வைத்துப் பேசவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். அந்தக் கூட்டத்துக்கு மஹல்லாவின் பெண்களையும் அழையுங்கள். தாழ்ப்பாள் எந்தப் பக்கம் இருக்கவேண்டும் என்பதை அவர்கள்தான் சொல்லமுடியும்.